படிக்க ஆளில்லாத சுருள்
சீன நாட்டில் வாழ்ந்த யூதர்களின் கதை

சீனாவில் ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. அதன் பெயர் மஞ்சள் ஆறு. அது வண்டல் மண்ணை வாரிக்கொண்டு வரும். அதனால் தண்ணீர் மஞ்சளாகத் தெரியும். அந்த ஆற்றுக்குத் தெற்கே கைஃபெங் என்ற பழைய நகரம் இருக்கிறது.

கைஃபெங் நகரில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. அங்கே ஒரு பழைய கல்வெட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதில் சீன எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கிய ஆண்டு 1489. எழுத்து சீன எழுத்துதான். ஆனால் அது சொல்லும் கதை வெளியூரிலிருந்து வந்தவர்களின் கதை. வெகுதூரத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய யூதர்களின் கதை.

யூதர்கள் யார்? சீனாவுக்கு ஏன் போனார்கள்? அங்கே அவர்களுக்கு என்ன ஆயிற்று? இவற்றைப் பார்ப்போம்.

யூதர்கள் யார்?

யூதர்கள் மிகப் பழைய மக்கள். இன்றைய இஸ்ரேலும் பாலஸ்தீனமும் இருக்கும் பகுதியே அவர்களின் பூர்வீகம். கடவுள் ஒருவரே என்பது அவர்கள் நம்பிக்கை. ஆபிரகாம், மோசே ஆகியோரைத் தங்கள் முன்னோராகப் போற்றுகிறார்கள். கிறிஸ்தவர்களுக்கும் இந்தப் பெயர்கள் தெரியும். முஸ்லிம்கள் இவர்களை இப்ராஹீம் நபி, மூசா நபி என்று சொல்வார்கள்.

எருசலேம் நகரில் யூதர்களுக்கு ஒரு பெரிய கோயில் இருந்தது. கி.பி. 70ஆம் ஆண்டில் ரோமானியப் படை அதை அழித்தது. யூதர்கள் பல நாடுகளுக்குச் சிதறிப் போனார்கள். நம் நாட்டுக்கும் வந்தார்கள். கேரளத்தில் கொச்சியிலும், மகாராஷ்டிரத்தில் கொங்கணக் கரையிலும் பல நூறு ஆண்டுகள் வாழ்ந்தார்கள்.

கோயில் போன பிறகு அவர்களைச் சேர்த்து வைத்தது எது? ஒரு நூல். அதன் பெயர் தோரா. அதைப் பதப்படுத்திய தோலில் கையால் எழுதுவார்கள். தோல்களை ஒன்றோடொன்று தைத்து நீளமாக்குவார்கள். பிறகு பாய் சுருட்டுவது போலச் சுருட்டி வைப்பார்கள். எழுத்து எபிரேய எழுத்து. மொத்தம் 22 எழுத்துகள். வலப்புறம் தொடங்கி இடப்புறமாகப் படிக்க வேண்டும்.

சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். அன்று ஜெபக்கூடத்தில் கூடுவார்கள். தோராவில் ஒரு பகுதியை உரக்கப் படிப்பார்கள். படிக்கச் சொல்லிக் கொடுக்கும் குருவுக்கு ரபி என்று பெயர். படிக்கத் தெரிந்தவர் இல்லை என்றால் வழிபாடு நடக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் இதைச் சுற்றியே வரும்.

வணிகம் அழைத்துச் சென்றது

அந்தக் காலத்தில் சீனப் பட்டுக்கு எங்கும் கிராக்கி. பட்டு வாங்க வணிகர்கள் ஒட்டகங்களில் பாலைவனம் தாண்டிப் போனார்கள். கப்பல்களில் கடல் வழியாகவும் போனார்கள். அவர்களில் பாரசீக நாட்டு யூதர்களும் இருந்தார்கள்.

இதற்குச் சான்று உண்டு. சீனாவின் மேற்குக் கோடியில் ஒரு பெரிய பாலைவனம் இருக்கிறது. அங்கே 1901ஆம் ஆண்டில் மணலுக்குள் ஒரு கடிதம் கிடைத்தது. அது சுமார் 1200 ஆண்டுப் பழமையானது. ஒரு யூத வணிகர் எழுதியது. மொழி பாரசீகம், எழுத்து எபிரேயம். கடிதத்தில் இருப்பது ஆட்டு வியாபாரம் பற்றிய பேச்சு! எழுதியவர் மறைந்தார். ஆனால் அவர் எழுத்து மிஞ்சியது.

கைஃபெங் நகரம்

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கைஃபெங் சீனாவின் தலைநகரமாக இருந்தது. சோங் என்ற அரச வம்சத்தார் 960 முதல் 1127 வரை அங்கிருந்து ஆண்டார்கள். அந்தக் காலத்தில் உலகின் மிகப் பெரிய நகரங்களில் அதுவும் ஒன்று. கால்வாய்களில் படகுகள் வரிசையாக வந்து நிற்கும். கடைத்தெருவில் எந்த நேரமும் கூட்டம் இருக்கும்.

அங்கே யூதர்கள் வந்து இறங்கினார்கள். 1489ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதை விவரிக்கிறது. அவர்கள் 'தியன்ஜு' நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்கிறது. தியன்ஜு என்பது இந்தியாவுக்குச் சீனர்கள் வைத்திருந்த பழைய பெயர். பேரரசருக்கு அவர்கள் மேற்கு நாட்டுத் துணியைக் காணிக்கையாகக் கொடுத்தார்களாம். அது பருத்தித் துணியாக இருக்கும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அவர்களின் பழைய ஜெப நூல்களில் பாரசீகச் சொற்கள் உள்ளன. எனவே பாரசீகத்தைச் சேர்ந்தவர்கள் இந்தியா வழியாகப் போயிருக்கலாம்.

பேரரசர் என்ன சொன்னார்? கல்வெட்டு அதையும் சொல்கிறது. இங்கேயே தங்குங்கள், உங்கள் முன்னோரின் வழக்கங்களைக் காப்பாற்றுங்கள் என்று அவர் அனுமதி தந்தாராம்.

யூதர்கள் தங்கினார்கள். 1163ஆம் ஆண்டில் ஒரு ஜெபக்கூடம் கட்டினார்கள்.

நடை உடை சீனம், நம்பிக்கை யூதம்

காலம் போகப் போக அவர்கள் சீன மொழி பேசினார்கள். சீன உடை உடுத்தினார்கள். சீனப் பெயர்களையும் வைத்துக்கொண்டார்கள். ஜாவ், லீ, ஐ, ஜாங், காவ், ஜின், ஷி என்று ஏழு குடும்பப் பெயர்கள் அவர்களிடம் நிலைத்தன.

ஜெபக்கூடமும் சீனக் கோயில் போலவே இருந்தது. முற்றங்கள் இருந்தன. வளைந்த கூரை இருந்தது. சீன வழக்கப்படி முன்னோருக்கு ஊதுபத்தி ஏற்றினார்கள். பேரரசரை வாழ்த்தும் பலகை ஒன்றும் உள்ளே இருந்தது. சீனாவில் எல்லா வழிபாட்டு இடங்களிலும் அப்படி ஒரு பலகை வைக்க வேண்டும். யூதர்களும் வைத்தார்கள். ஆனால் அதற்கு மேலே, கடவுள் ஒருவரே என்று எபிரேய எழுத்தில் எழுதி வைத்தார்கள். அரசருக்கும் மேலே கடவுள் என்பதை இப்படிச் சண்டை இல்லாமல் சொன்னார்கள்.

அவர்கள் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை. மற்ற இறைச்சியிலும் தொடை நரம்பை நீக்கிவிட்டே சமைப்பார்கள். யாக்கோபு என்ற முன்னோருக்குத் தொடையில் அடிபட்ட கதை தோராவில் இருக்கிறது. அதன் நினைவாக இந்த வழக்கம். இதைப் பார்த்த சீனர்கள் அவர்களுக்கு 'நரம்பை நீக்கும் மதத்தார்' என்று பெயர் வைத்தார்கள்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் யூதர்கள் பெரும் துன்பப்பட்டார்கள். 1290இல் இங்கிலாந்து அவர்களை வெளியேற்றியது. 1492இல் ஸ்பெயின் வெளியேற்றியது. கைஃபெங் நகரில் மதத்துக்காக அவர்களை யாரும் விரட்டவில்லை. கடையும் நடத்தினார்கள், அரசாங்க வேலையும் பார்த்தார்கள்.

அப்படியானால் அந்தச் சமுதாயம் ஏன் மங்கிப் போனது? அதற்குக் காரணம் பகை அல்ல. வேறு காரணங்கள் இருந்தன.

ஓர் ஓவியமும் இரண்டு பெரியவர்களும்

1605ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இது. கைஃபெங் நகரைச் சேர்ந்த ஐ தியன் என்ற யூதர் தலைநகர் பெய்ஜிங்குக்குப் போனார். அவர் படித்தவர். அரசாங்கப் பதவி தேடிப் போயிருந்தார். கடவுள் ஒருவரே என்று சொல்லும் வெளிநாட்டார் சிலர் பெய்ஜிங்கில் இருப்பதாகக் கேள்விப்பட்டார். அவர்கள் முஸ்லிம்களும் இல்லை என்று அறிந்தார். அப்படியானால் நம்மவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணினார்.

தேடிப் போனார். ஆனால் அங்கே இருந்தவர் மத்தேயோ ரிச்சி. இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார்.

ரிச்சி அவரைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அங்கே ஓர் ஓவியம் இருந்தது. அதில் மரியாளும் குழந்தை இயேசுவும், சிறுவன் யோவானும் இருந்தார்கள். ஐ தியனுக்கு அவர்கள் யார் என்று தெரியாது. தோராவில் ரெபேக்காள் என்ற தாய்க்கு யாக்கோபு, ஏசா என்று இரண்டு பிள்ளைகள். அந்தத் தாயும் பிள்ளைகளும்தான் இவர்கள் என்று நினைத்துக்கொண்டார். ஐ தியன் ரிச்சியை யூதர் என்று நினைத்தார். ரிச்சியோ ஐ தியனைக் கிறிஸ்தவர் என்று நினைத்தார்! கொஞ்ச நேரம் பேசிய பிறகே இருவருக்கும் உண்மை விளங்கியது.

அப்போது ரிச்சி ஓர் எபிரேய நூலைக் காட்டினார். அது எபிரேய எழுத்து என்று ஐ தியன் உடனே கண்டுகொண்டார். ஆனால் அவரால் படிக்க முடியவில்லை. சிறுவயது முதல் சீனப் படிப்பிலேயே காலம் போய்விட்டது என்றார். தம் சகோதரர்களுக்கு எபிரேயம் தெரியும் என்றும் சொன்னார்.

பிறகு ரிச்சி கைஃபெங் நகருக்கு ஆள் அனுப்பினார். அங்கிருந்த யூத குருவுக்கு வயதாகிவிட்டது. ரிச்சி நன்றாகப் படித்தவர் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். எனவே பதில் இப்படி வந்தது: ரிச்சி பன்றி இறைச்சியை விட்டுவிட்டு இங்கே வந்து தங்கினால் தம் பதவியை அவருக்கே தருவதாகச் சொன்னார்! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் தமக்குப் பின் யார் படிக்கப் போகிறார் என்ற கவலை அந்தப் பெரியவருக்கு அப்போதே இருந்திருக்க வேண்டும்.

வெள்ளம் வந்தது

மஞ்சள் ஆறு கைஃபெங் நகரைப் பலமுறை மூழ்கடித்தது. 1461ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஜெபக்கூடம் அழிந்தது. யூதர்கள் திரும்பக் கட்டினார்கள். அப்போது நிங்போ என்ற துறைமுகத்திலும் யூதர்கள் இருந்தார்கள். அவர்கள் தோரா சுருள் கொடுத்து உதவினார்கள்.

மிகப் பெரிய அழிவு 1642இல் வந்தது. லீ ஜிசெங் என்ற கலகத் தலைவரின் படை கைஃபெங் நகரை மாதக்கணக்கில் முற்றுகை இட்டது. சண்டையில் ஆற்றின் கரை உடைக்கப்பட்டது. நகரம் முழுகியது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். யூதர்களில் இருநூறு குடும்பங்களுக்குச் சற்று அதிகமானவர்களே பிழைத்தார்கள்.

பிழைத்தவர்கள் என்ன செய்தார்கள்? தண்ணீரில் மிதந்த தோரா சுருள்களைத் தேடி எடுத்தார்கள். நனைந்த தோல்களைக் காய வைத்தார்கள். கிழிந்த துண்டுகளை ஒன்றுசேர்த்து ஒரு முழுச் சுருள் ஆக்கினார்கள். பிறகு மற்றவற்றையும் எழுதி முடித்தார்கள். மொத்தம் 13 சுருள்கள் ஆயின. மோசேயின் பெயரால் ஒன்று. பன்னிரண்டு குலங்களின் பெயரால் பன்னிரண்டு.

ஜாவ் இங்செங் என்ற யூத அதிகாரி இந்தப் பணியில் முன்னால் நின்றார். அவர் 1646இல் சீன அரசின் மிக உயர்ந்த தேர்வில் தேறியவர். அவர் தம்பியும் உதவினார். 1663இல் ஜெபக்கூடம் மீண்டும் எழுந்தது.

வெள்ளத்தால் அந்தச் சமுதாயத்தை அழிக்க முடியவில்லை. ஏனென்றால் அழிந்த நூலைத் திரும்ப எழுதத் தெரிந்தவர்கள் அப்போது இருந்தார்கள்.

எழுத்து மறந்தது எப்படி?

மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதல் காரணம் தேர்வு. சீனாவில் அரசாங்கப் பதவிக்குத் தேர்வு உண்டு. அதற்குச் சீன நூல்களைப் பல ஆண்டுகள் படிக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்தப் படிப்புக்குப் போனார்கள். எபிரேயம் படிக்க நேரம் இல்லை. ஐ தியன் கதை இதைத்தான் காட்டுகிறது. தேர்வில் தேறியவருக்குச் சொந்த மாகாணத்தில் வேலை கொடுக்க மாட்டார்கள். வெளி மாகாணம் போக வேண்டும். போன இடத்தில் வேறு யூதர் இருக்க மாட்டார்.

இரண்டாவது காரணம் திருமணம். கூட்டம் சிறியது. சுற்றிலும் சீனர்கள். கலப்பு மணம் இயல்பாக நடந்தது. பலர் பக்கத்து வீட்டாரோடு ஒன்றாகிவிட்டார்கள். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பழைய வழக்கங்களை வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் குறைந்தது.

மூன்றாவது காரணம் தொடர்பு அறுந்தது. பாலைவன வணிகப் பாதை தளர்ந்தது. கடல் வணிகத்துக்கும் சீன அரசர்கள் பலமுறை தடை போட்டார்கள். நிங்போ போன்ற ஊர்களில் இருந்த யூதர்களும் காலப்போக்கில் மறைந்தார்கள். வெளியிலிருந்து குருவும் வரவில்லை, நூலும் வரவில்லை.

கொச்சியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். கொச்சி கடற்கரை நகரம். கப்பல்கள் வந்து போகும். 1686இல் ஐரோப்பாவின் ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்து யூதர்கள் சிலர் கொச்சிக்கு வந்தார்கள். திரும்பிப் போனதும் எபிரேய நூல்கள் அனுப்பி வைத்தார்கள். கொச்சி யூதர்களும் சிறு கூட்டம்தான். ஆனால் அவர்களுக்கு வெளி உலகத் தொடர்பு இருந்தது. அதனால் எழுத்து நிலைத்தது.

சந்தையில் ஒரு சுருள்

1800ஆம் ஆண்டை ஒட்டிக் கைஃபெங் நகரின் கடைசி ரபி இறந்தார். அடுத்த ரபி வரவில்லை.

சுருள்கள் இருந்தன. எழுத்து அழியாமல் இருந்தது. ஆனால் படிக்க ஒருவரும் இல்லை. பிள்ளைகள் கேட்டால், இது நம் முன்னோர் நூல் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

மார்ட்டின் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1866இல் அங்கே போனார். அங்குள்ளவர்கள் அவரிடம் ஒரு செய்தி சொன்னார்கள். அவர் அதை எழுதி வைத்தார். யூதர்கள் ஒரு தோரா சுருளைச் சந்தையில் விரித்து வைத்தார்களாம். வழியில் போகும் வெளியூர்க்காரர் யாராவது நின்று படித்துச் சொல்ல மாட்டாரா, நமக்கும் கற்றுக்கொடுக்க மாட்டாரா என்ற ஆசை. சந்தைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். படிக்கத் தெரிந்தவர் வரவில்லை.

வறுமையும் சேர்ந்துகொண்டது. 1850இல் ஷாங்காய் நகரக் கிறிஸ்தவ சபையார் சீனர் இருவரை அனுப்பினார்கள். கூடம் பாழடைந்து கிடப்பதை அவர்கள் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஆறு சுருள்கள் விலைக்குப் போயின. 1866இல் மார்ட்டின் போனபோது கூடமே இல்லை. மரத்தையும் கல்லையும் பெயர்த்து விற்றிருந்தார்கள். வெறும் நிலத்தில் அந்தக் கல்வெட்டு மட்டும் நின்றது.

அந்தச் சுருள்களில் ஒன்று இன்று லண்டன் நூலகத்தில் இருக்கிறது. மற்றவையும் வெளிநாட்டு நூலகங்களில் இருக்கின்றன. அங்கே அவற்றைப் படிக்க அறிஞர்கள் உண்டு. கைஃபெங் நகரில்தான் சுருளும் இல்லை, படிப்பவரும் இல்லை.

மும்பையிலிருந்து வந்தவர்கள்

பிற்காலத்தில் வேறு யூதர்கள் சீனாவுக்கு வந்தார்கள். ஈராக் நாட்டுப் பாக்தாத் நகரிலிருந்து சசூன் குடும்பத்தார் 1832இல் மும்பைக்கு வந்திருந்தார்கள். மும்பையில் சசூன் மீன் துறைமுகமும், புனேயில் சசூன் மருத்துவமனையும் அவர்கள் பெயரைச் சொல்கின்றன. இந்தியப் பருத்தியையும் அபினியையும் சீனாவுக்கு விற்றுப் பணக்காரர் ஆனார்கள். அவர்களோடு பல யூதர்கள் ஷாங்காய் நகரில் குடியேறினார்கள்.

கைஃபெங் யூதர்களின் நிலை அவர்கள் காதுக்கு எட்டியது. 1900ஆம் ஆண்டில் உதவி செய்ய ஒரு சங்கம் அமைத்தார்கள். கைஃபெங் நகருக்குக் கடிதம் எழுதினார்கள். அங்கிருந்து சிலர் ஷாங்காய்க்கு வந்து போனார்கள். ஆனால் அதே காலத்தில் ரஷ்யாவில் யூதர்கள் மீது கொடிய தாக்குதல்கள் நடந்தன. கையில் இருந்த பணம் ரஷ்ய அகதிகளுக்குப் போனது. கைஃபெங் உதவி பாதியில் நின்றது.

ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1938 முதல் 1941 வரை சுமார் 18,000 யூதர்கள் ஷாங்காய் வந்து உயிர் பிழைத்தார்கள். ஹோ ஃபெங்ஷான் என்ற சீன அதிகாரி ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் இருந்தார். அவர் ஆயிரக்கணக்கானவர்களுக்கு விசா கொடுத்துக் காப்பாற்றினார். போர் முடிந்த பிறகு அகதிகள் பல நாடுகளுக்குப் போய்விட்டார்கள்.

இன்று

கைஃபெங் நகரில் அந்தப் பழைய குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜெபக்கூடம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து உண்டு. மறைநூல் கற்பிக்கும் சந்து என்பது அதன் பெயர்.

அவர்கள் பார்வைக்குச் சீனர்கள்தான். சில வீடுகளில் பன்றி இறைச்சி சமைப்பதில்லை. ஏன் என்று கேட்டால், தாத்தா சொன்னார் என்பார்கள்.

சீன அரசு 56 இனங்களை அங்கீகரித்துள்ளது. அவற்றில் யூதர் இல்லை. யூதச் சட்டமும் அவர்களை அப்படியே ஏற்பதில்லை. அந்தச் சட்டத்தில் தாய் வழியே குலம் வரும். கைஃெங் நகரிலோ சீன வழக்கப்படி தந்தை வழியே குலம் வந்தது. எனவே இஸ்ரேல் போகிறவர்கள் முறைப்படி மதம் ஏற்க வேண்டும்.

இருந்தாலும் சில இளைஞர்கள் எபிரேயம் கற்கத் தொடங்கினார்கள். 2009இல் ஏழு ஆண்கள் இஸ்ரேல் போனார்கள். 2016இல் ஐந்து பெண்கள் போனார்கள். 2015ஐ ஒட்டிச் சீன அரசு கைஃபெங் நகரில் யூத வகுப்புகளையும் கூட்டங்களையும் நிறுத்தியது. வீட்டுக்குள் தனியாக வழிபடுவோர் உண்டு.

சந்தையில் சுருளை விரித்துக் காத்திருந்தவர்களுக்குக் கிடைக்காத எழுத்து, அவர்களின் பேரப் பிள்ளைகளின் பிள்ளைகளில் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. அவர்கள் முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்கள். பெரியவர்களான பிறகுதான் தொடங்கினார்கள்.

பேசிப் பாருங்கள்

1. வெள்ளத்தில் நனைந்த சுருள்களைக் காப்பாற்ற முடிந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்து நல்ல நிலையில் இருந்த சுருள்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஏன்?

2. கொச்சி யூதர்களுக்கும் கைஃபெங் யூதர்களுக்கும் இருந்த வேறுபாடு என்ன?

3. உங்கள் ஊரில் பழைய கல்வெட்டோ ஓலைச்சுவடியோ உண்டா? அதைப் படிக்கத் தெரிந்தவர் யார்? அவரிடம் யாராவது கற்றுக்கொண்டார்களா?